இரண்டாவது டிஸ்க்கிலும் இல்லை

அதிலும் இல்லையா, இரண்டாவது டிஸ்க்கிலும் இல்லையா, எப்படி இல்லாமல் போகும்... ராஜாத்தி மறுபடியும் தட்டிப் பார்த்தாள், திரை மறுபடியும் வெறுமையாகவே நின்றது. சர்வரில் இடமில்லை என்று காலையில் வந்ததும் வராததுமாக அது கத்திற்று, ஃபாக்டரியின் டைம் ஆபீசிலிருந்தும் ஸ்டோரிலிருந்தும் கேபிள் வழியாக வருவதெல்லாம் இங்கேதானே வந்து கொட்டுகிறது, காண்டிராக்ட் ஆட்களின் இரண்டு வருட வருகைப் பதிவுதான் பெரிய அடைசலாகத் தெரிந்தது, இதில் அழித்தால் அதில் இருக்கும்தானே என்ற தைரியத்தில் அழித்துவிட்டாள். மிர்ரர் என்று சொல்லி ஜோடியாக டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போன பெங்களூர் இன்ஜினியர், ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும் என்றார், ஒன்றில் அழிப்பதை இன்னொன்றும் அந்த நொடியே அழித்துக்கொள்ளும் என்று சொன்னாரா? சொல்லியிருப்பார், இவள் கிருஷ்ணகிரி பஸ்ஸை நினைத்துக்கொண்டு தலையாட்டியிருப்பாள். மணி பதினொன்று. இரண்டு மணிக்கு லேபர் ஆபீசர் வருகிறார், இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவன் நிரந்தரம் கேட்கலாம், அந்த நாள்களுக்கு இந்தப் பெட்டியை விட்டால் வேறு சாட்சியில்லை, பஞ்ச் அட்டைகளை மாதாமாதம் எடைக்குப் போட்டாயிற்று. முப்பத்தேழு பேர். அதில் ஒருவன் அவளுடைய அண்ணன் கரியப்பன்.

பேக்கப் இருக்கிறதே, தினம் சாயங்காலம் டேப்பில் ஏற்றுகிறாளே, கிழமைக்கு ஒன்றாக ஐந்து டேப், ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டாள், ரீஸ்டோர் கொடுத்தால் படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை, அதையேதான் சொல்கிறது. டேப் டிரைவின் மூடியைத் திறந்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சை உள்ளே விட்டாள், பஞ்சு சிவப்பாக வெளியே வந்தது. குங்குமம். ஆயுத பூஜையன்று லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் வைத்தது போல இதற்கும் வாய் நிறையச் சந்தனமும் குங்குமமும் வைத்தது யார், இவளே, இதே கைதான், நல்லா வைம்மா என்று எல்லோரும் சிரித்தார்கள். துடைத்துவிட்டுப் போட்டாலும் அதே பதில்தான், அன்றிலிருந்து ஐந்து வாரமாக எழுதியதெல்லாம் பாழ். ஆனால் பேக்கப் முடிந்தது என்று தினமும் காட்டியதே... எழுதியதைப் படித்துச் சரிபார்க்கவா என்றும் தினமும் கேட்டது, வெரிஃபை கொடுத்தால் முக்கால் மணி நேரம், ஐந்தே முக்கால் பஸ் போய்விடும், வேண்டாம் என்று தட்டிவிட்டுப் போனாள். பர்கூரில் கல் உடைத்து இவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தவன் அண்ணன். காலையில் கேட்டருகே மெதுவாகக் கேட்டான், “பாப்பா, லிஸ்ட்டுல எம் பேரு இருக்குதில்ல?” இருக்குதுண்ணா என்றாள். அப்போது இருந்தது. அழுகை முட்டியது, அழ இதுவா நேரம், ஒன்று மிச்சமிருக்கிறது, செப்டம்பர் மாதக் கடைசி டேப், பூஜைக்கு முந்தியது, மேனேஜரின் பீரோவில் பூட்டி வைத்தது, அண்ணன் அதற்குள் நானூற்று எண்பதைத் தாண்டிவிட்டான், அது ஒன்றே போதும், ஆனால் சாவி கேட்டால் நடந்ததைச் சொல்லவேண்டும், சொன்னால் வேலை போகும், போகட்டும், போய்த் தொலையட்டும்...

மேனேஜரின் மேஜை முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், கெட்டுப்போன டேப்புகளையும் சொன்னாள், செப்டம்பர் டேப்பைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் கையை உயர்த்திவிட்டார். ஒரு பிரிண்ட் தாள் கசங்கினால் குதிக்கிற மனிதர், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். “போனது போவட்டும், உடும்மா. ஆபீசருக்கு நான் சொல்லிக்கறேன், மிஷின் கெட்டுப்போச்சுன்னு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது.” அவர் குரலில் அப்படியொரு இதம், பதிவு தொலைந்தது அவருக்கு எவ்வளவு சௌகரியம் என்பது அந்த இதத்திலேயே தெரிந்தது. சரிங்க சார் என்றது அவள் வாய். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு தாராளமாக வந்தது, டீகூட இனித்தது, இரண்டு மிடறு உள்ளே போன பிறகுதான் அண்ணனின் நினைவு வந்தது... முதலில் நிம்மதி வந்தது, அதற்குப் பிறகுதான் அவன் வந்தான். ஆபீசர் வர இன்னும் நேரம் இருக்கிறது, பீரோ அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது, சாவியைக் கேட்க ஒரு நிமிடம் ஆகாது. கேட்காமல் ராஜாத்தி டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.