நான்கு மூலையிலும் மஞ்சள்

என் மாமனார் தியாகராசனுக்குத் தெரியாத விஷயம் இந்தக் குடவாசல் தாலுகாவிலேயே கிடையாது. பட்டா மாறுதல், கிரயம், அடங்கல் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தத் தெம்பில் நான் வெளிநாடு போவதற்கான காகிதங்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அந்தக் குளிர் நாட்டின் பெயரே அவர் வாயில் நுழையாது.

என் கணவர் பிரபு அங்கே போய் இரண்டு வருடமாகிறது. போன புதிதில் வாடகைக்கு வீடு கேட்டால் வங்கிக் கணக்கு எங்கே என்றார்களாம். வங்கிக்குப் போனால் வீட்டு முகவரி எங்கே என்றார்களாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். அவ்வளவு பணக்கார நாட்டுக்கும் அறிவு அவ்வளவுதான். எப்படியோ முட்டி மோதி வீடு பிடித்து, எனக்கு வசிப்பு அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் அசலாக நானே சென்னையில் விசா அலுவலகத்தில் காட்டிக் கைரேகை வைக்க வேண்டும். அதற்கென்று கொடுத்த நாளைத் தவறவிட்டால் இன்னும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். போனிலேயே குடித்தனம் நடத்தி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

கிளம்பும்போது மாமனார் பூஜை அறையிலிருந்து காகிதங்கள் இருந்த உறையை எடுத்து வந்து கொடுத்தார். சாமி பாதத்தில் வைத்ததாம், வழியில் பிரிக்கக் கூடாதாம். நானும் பிரிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உறையைப் பிரித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கிரயப் பத்திரத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் தடவுவது போல, மாமனார் ஒவ்வொரு காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவியிருந்தார். திருமணச் சான்றிதழில் ஈரம் ஊறிப் பதிவாளரின் கையெழுத்தே கரைந்திருந்தது. வங்கிக் கடிதத்தில் முத்திரை இருந்த இடத்தில் குங்குமம். அவள் மரியாதையாகத்தான் திருப்பிக் கொடுத்தாள். புதிதாக வாங்கிக்கொண்டு வேறு தேதியில் வரச் சொன்னாள். பஸ்ஸில் வழி நெடுக அழுதேன்.

தெரியாமல் செய்துவிட்டார், விட்டுவிடு என்று பிரபு போனில் கெஞ்சினார். வயதானவர், என்னவோ பக்தி என்று நானும் விட்டுவிடத்தான் இருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மாமனார் சாப்பிட உட்கார்ந்தார். மாமியார் போய்ச் சேர்ந்ததிலிருந்து அடுப்படி என் தலையில்தான். எல்லாம் சாமி சித்தம் என்று சொல்லிவிட்டு, ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தார்.

"உங்க பிள்ளை போனப்ப அவரு காயிதத்துக்கும் மஞ்சள் தடவுனீங்களா மாமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதுல எப்படித் தடவுறது? கெட்டுப்போச்சுன்னா அவன் எப்படிப் போவான்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. சோற்றுக் குழியில் விரல் அப்படியே நின்றது. நான் ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போய் என் துணிகளை எடுத்து வைத்தேன். புதுக் காகிதங்கள் வரும்வரை திருக்காட்டுப்பள்ளியில் என் அம்மா வீட்டில் இருக்கப்போகிறேன். ரசத்தை அவரே ஊற்றிக்கொள்ளட்டும்.