வெளியே வந்த பெஞ்சு

அந்த பெஞ்சு அப்போதே பச்சையாக இருந்ததா, பிறகு நான்தான் பச்சை அடித்தேனா, நிச்சயமில்லை. நகராட்சியிலிருந்து அளவெடுக்க வந்தது செவ்வாயா புதனா என்பதும் அப்படித்தான். ஆனால் மனுவில் நான் எழுதிய வரி மட்டும் ஓர் எழுத்துகூட மறக்கவில்லை: "எங்கள் தெருவில் இனி ஒரு நாற்காலிகூடக் கூடுதலாக வேண்டாம்."

டச்சு நகரமான ஹார்லெமில் எங்கள் மிளகுத் தெருவுக்குள் வாஃபிள் என்னும் இனிப்பு அப்பம் விற்கும் கடைகள் நுழையத் தொடங்கியிருந்த காலம். சாக்லெட் வழியும் காகிதங்கள் என் சன்னலடியில் வந்து ஒதுங்கின. தெருக்காரர்கள் மனு கொடுக்கத் தீர்மானித்தபோது, வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்திப் பிழைத்தவன் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். மனு ஜெயித்தது. புதிதாகச் சாப்பாட்டுக் கடை கூடாது. மற்ற கடைகளில் காபி தரலாம். அதற்கான இடம் கடைத் தரையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அன்று மீன்கடை தூன் தெருவுக்கே சும்மா ஹெர்ரிங் மீன் கொடுத்தான்.

ஹென்னியை யாரும் நினைக்கவில்லை.

என் வீட்டை ஒட்டிச் சலவையகம் நடத்தினாள் ஹென்னி. வீட்டுக்கு வீடு துணி துவைக்கும் இயந்திரம் இருக்க, ஆட்கள் அவளிடம் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்ததே காபிக்காகத்தான். இயந்திரம் சுற்றி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். காபியோடு ஒரே ஒரு பிஸ்கட். எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவாள்.

அளவெடுக்க வந்த இளைஞரின் பெயர் ஷூர்ட். கையிலிருந்த கருவியின் சிவப்புப் புள்ளியைச் சுவர் சுவராக ஓட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அளவு தாண்டுதும்மா. மேசை இருக்கலாம். சுவரோரம் இருக்கற பெஞ்சுதான் இடிக்குது. ரெண்டு வாரத்துல எடுத்துடுங்க."

"அதுல ஆறு பேரு உட்காருறாங்க. உன் மடியில உட்கார வைக்கவா?"

"சட்டம் நான் போடலம்மா."

"வாஃபிளை விரட்டச் சொன்னா என்னை விரட்டறீங்களே! இவங்க வரலேன்னா இந்தக் குளிர்காலமே தாண்டாது என் கடை. அப்புறம் போன் உறை விக்கறவன்தான் வருவான் இங்க."

"தெருக்காரங்க மனுவுலயே ஒரு நாற்காலிகூட வேணாம்னு எழுதியிருக்காங்களே."

நான் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஹென்னி திரும்பினாள்.

"பாரெண்ட், அது உன் வரியா?"

"ஆமா."

"நல்லாத்தான் எழுதியிருக்க."

சொல்லிவிட்டு இயந்திரத்துப் பக்கம் போனாள்.

இரண்டு வாரமும் சன்னலோரம் புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் புரட்டாமல் வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் சுவரோரத்து பெஞ்சில் வெயில் காய்ந்தார். எங்கள் தெருவில் அது வழக்கம்: வாசல் சுவரை ஒட்டிய பெஞ்சு அந்த வீட்டுக்காரருடையது, நகராட்சி அதை அளப்பதில்லை; கடை வாசலில் போட்டால்தான் கடைக் கணக்கு. பெஞ்சு இல்லாத வீட்டுச் சுவர் தெருவிலேயே என்னுடையது ஒன்றுதான். படிக்கும் சன்னலுக்குக் கீழே பேச்சுக்குரல் கேட்கக் கூடாதென்று முப்பது வருடமாக நான் அப்படி வைத்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் தூனைக் கூப்பிட்டேன். ஹென்னியின் பெஞ்சை ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம்.

"என்ன பாரெண்ட், மௌன விரதம் முடிஞ்சுதா?"

"கால்ல போட்டுக்காம தூக்கு."

ஷூர்ட் மறுபடி வந்தார். உள்ளே அளவு சரியாக இருந்தது. வெளியே என் சுவரில் சாய்ந்து ஐந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது யாரு பெஞ்சு?"

"என்னுது."

"காபி?"

"அவங்க வாங்கினது. எங்க வேணா நின்னு குடிக்கலாமே."

அவர் அளவுக் கருவியைப் பைக்குள் வைத்தார். "இப்படியே சாயங்காலம் வரைக்கும் பேசுவாங்களா?"

"அதைத் தடுக்க சட்டம் ஏதாவது இருந்தா சொல்லுங்க தம்பி."

சிரித்துவிட்டார். காலியாக இருந்த ஆறாவது இடத்தில் உட்கார்ந்தார். ஹென்னி அவருக்குக் காபி கொண்டுவந்தாள், பிஸ்கட் நீட்டினாள். பிறகு டப்பாவை மூடாமல் என் பக்கம் திருப்பினாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கடா."

தூன் கடையை விற்றுவிட்டு இப்போது ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் மகளோடு இருக்கிறான். ஷூர்ட் வேறு துறைக்கு மாறிவிட்டார். சனிக்கிழமைகளில் போர்வை கொண்டுவருகிறார். ஹென்னி இரண்டு வருடம் முன்பு இறந்தாள்; சலவையகத்தை அவள் அக்கா மகள் நடத்துகிறாள். நகராட்சி விதி அப்படியே இருக்கிறது. நான் பின்னறையில் படிக்கிறேன், வருடம் ஒருமுறை பெஞ்சுக்குப் பச்சை அடிக்கிறேன்.