கமனா சாப்பிட்ட வேளை

கப்பல் ஏடனுக்குக் கிளம்ப இருந்த நாளுக்கு முந்தின நாள், கப்பல்காரன் ஜுபைர் ஊர் வழக்கப்படி மனைவி கமனாவுக்குத் தலாக் சொன்னான். சண்டையுமில்லை, சச்சரவுமில்லை. மாலத்தீவில் காற்று திரும்பினால் கப்பல்காரர்கள் பெண்டாட்டியை விடுவித்துவிட்டுத்தான் பாய் விரிப்பார்கள். தீவுப் பெண் தீவை விட்டுக் கிளம்பமாட்டாள். போனவன் திரும்புவானா, கடலோடு போய்விடுவானா, யாருக்குத் தெரியும்? அவளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவது பாவம் என்பது ஊர் நியாயம். கமனாவின் அக்கா ரெக்கா இப்படி மூன்று பேரை வழியனுப்பி, மூன்று பேரையும் மறந்துவிட்டு, நாலாமவனோடு சௌக்கியமாக இருந்தாள்.

கமனாவும் பள்ளிவாசல் படியில் காஜியார் முன்னால் தலையை ஆட்டினாள். பழைய கோயிலின் அடித்தளத்தில் எழுந்த பள்ளிவாசல் அது. சுவர் ஒரு பக்கம் பார்க்கும், தொழுகிறவர்கள் மக்காவைப் பார்த்துக் கோணலாக நிற்பார்கள். அன்று அவள் மனசும் அப்படித்தான் நின்றது. 'என்னைப் பெண்டாட்டியாகவே விட்டுவிட்டுப் போங்க, காத்திருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீம்புதான், வேறென்ன. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், அவனே சிரித்துவிட்டால்?

காஜியார் கடல் தாண்டி வந்தவர், சட்டம் கரைத்துக் குடித்தவர். "மறுகல்யாணத்துக்கு முன்னாடி காத்திருக்கிற இத்தாக் காலம் முடியறவரைக்கும் இந்தப் பொண்ணு உங்க வீட்லயே இருக்கலாம்" என்று ஜுபைரிடம் சொன்னார். "அதுக்குள்ள மனசு மாறினா, மீட்டுக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், திரும்பவும் உங்க மனைவிதான். நாலு பேர் கேக்கச் சொல்லுங்க, பின்னாடி வம்பு வராது." கப்பல்காரர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜுபைரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

மறுநாள் கப்பல் கிளம்பவில்லை. சோழி மூட்டைகளை அளவுக்கு மேல் ஏற்றியதில், அடிப்பலகையின் தையல் விட்டுத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கடலில் கப்பலுக்கு ஆணி கிடையாது, தென்னங்கயிற்றால் தைத்ததுதான். மூட்டைகளை இறக்கிவிட்டு மறுபடி தைக்கவேண்டும், புதுக் கயிறு வேண்டும் என்று பெண்களிடம் வந்து நின்றார்கள். கமனா நார் எடுத்து அடிக்க உட்கார்ந்தாள்.

"அவனை அனுப்பறதுக்கு நீயே கயிறு திரிக்கிறியாடி?" என்றாள் ரெக்கா. "கொஞ்சம் தளர்வா முறுக்கு. பாதி வழியில திரும்பி வந்துடுவான்."

"வாயைக் கழுவுக்கா. நடுக்கடல்ல இருக்கப் போற மனுஷங்க."

சொல்லிவிட்டு இன்னும் இறுக்கி முறுக்கினாள். உள்ளங்கை எரிந்தது.

ஜுபைர் இப்போது கரையிலிருந்த சரக்குக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். ரெக்கா வாசலில் காவல் மாதிரி உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள்.

அந்தச் சாப்பாட்டில்தான் அவனுக்குத் தீராத ஒரு குறை. தீவில் பெண்டாட்டி புருஷன் பார்க்கச் சாப்பிடமாட்டாள். அண்ணன் பார்க்கலாம், அயல்வீட்டான் பார்க்கலாம், மீன்காரன்கூடப் பார்க்கலாம். புருஷன் மட்டும் கூடாது. கல்யாணமானதிலிருந்து ஜுபைர் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான், மார்க்கத்தில் இதற்குத் தடையே இல்லை என்று வாதாடியும் பார்த்தான். கமனா சிரித்துக்கொண்டே தட்டோடு திரைக்குப் பின்னால் போய்விடுவாள்.

கப்பல் தைத்து முடித்து, மூட்டைகளும் ஏறி முடியப்போன நாளில், கமனா இரண்டு தட்டுகளோடு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன, ரெண்டு தட்டு?"

"எனக்குப் பசிக்குது."

"என் முன்னாடியா?"

"புருஷன் முன்னாடிதானே சாப்பிடக் கூடாது? நீங்க இப்ப யாரோதானே."

ஜுபைர் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். அவள் சேப்பங்கிழங்கைப் பிட்டு மீன் சாற்றில் நனைத்தாள். பிறகு மீன் தலையை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினாள். விரல் இடுக்கில் சாறு வழிந்தது, அதையும் நக்கினாள். அவன் தன் சோற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மீன் தலைதான் சாப்பிடுவியா? இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

"உங்களுக்கு எப்பவும் நடுத்துண்டா போட்டேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

வாசலில் ரெக்கா கனைத்தாள். இரண்டு பேருமே கேட்கவில்லை. கமனாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், அழுகை வருவது போன்ற சந்தோஷம்.

"கமனா," என்றான் அவன். "காஜியார் சொன்ன அந்த வார்த்தையை நான் சொல்லப் போறேன். உங்கக்கா கேக்கட்டும்."

அவள் எத்தனை ஏங்கிய வார்த்தை அது. கேட்க வாயில்லாமல் கயிற்றோடு கயிறாக முறுக்கி வைத்திருந்த ஆசை. ஆனால் தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தது. அவன் சொன்ன நொடியில் புருஷனாகிவிடுவான், அவள் எழுந்து உள்ளே போகவேண்டும். இன்னொரு முறை இப்படி எதிரும் புதிருமாக உட்கார வாய்க்கவே வாய்க்காது.

"இருங்க. இப்பச் சொல்லாதீங்க," என்றாள். "சாப்பிட்டு முடிச்சுடறேன்."

அவனுக்குப் புரிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டான். அவள் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊருக்கே நேரம் இருக்கிற மாதிரி மெதுவாகத் தின்றாள்.

அப்போதுதான் கரையில் கப்பல் முரசு அடித்தது. மாலுமிகள் இரண்டு பேர் ஓடி வந்து வாசலில் கத்தினார்கள். "தண்ணி வத்துது! இந்த நேரத்தை விட்டா பாறைக்கு நடுவுல வழி அடைஞ்சுடும், எழுந்து வாங்க!"

ஜுபைர் எழுந்தான். கமனாவின் வாய் நிறையச் சோறு. "கரைக்கு வா," என்றான். "காஜியார் வழியனுப்ப வந்திருப்பாரு. அவர் முன்னாடியே சொல்றேன்." அதற்குள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் விழுங்கி, கை கழுவி, மேல்துணியைப் போர்த்திக்கொண்டு ஓடினாள். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பலுக்குப் போகிற படகு அலையைத் தாண்டியிருந்தது. ஜுபைர் படகில் எழுந்து நின்று, வாயைக் கைகளால் குவித்துக் கத்தினான். காற்று அவள் முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசியது. துடுப்புக்காரர்களின் பாட்டு வேறு. அவன் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்னாரு, கேட்டீங்களா?" என்று காஜியாரின் கையையே பிடித்துவிட்டாள்.

"கேக்கலையேம்மா. கேக்காததை வச்சு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது." மற்றவர்களைக் கேட்டார். அவர்களும் கையை விரித்தார்கள்.

அந்த ஒரு வாய்ச் சோற்றுக்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாளில்லை. அந்தச் சோற்றை நினைத்து ஏங்காத நாளுமில்லை.

இத்தா முடிந்தது. ரெக்கா ஒரு வரனோடு வந்தாள். கள்ளிக்கோட்டை மிளகு வியாபாரி, தங்கமான மனுஷன். "நீ இப்ப யாருக்கும் பெண்டாட்டி இல்லடி. இத்தா முடிஞ்சா அவ்வளவுதான்னு காஜியாரே சொல்லிட்டாரு," என்றாள்.

கமனா மதியச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். ஜுபைர் உட்காருகிற இடத்தில் ஒரு தட்டு, அதில் மீனின் நடுத்துண்டு. இன்னொரு தட்டில் தலை. அதை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

"வீட்ல யாருடி இருக்கா, உள்ள போய்ச் சாப்பிடறே?"

திரைக்குப் பின்னாலிருந்து மீன் தலையை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. ரெக்கா கொஞ்ச நேரம் அந்த நடுத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கள்ளிக்கோட்டைக்காரனைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை.