நெட்டையன் வழக்கு

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்திராதேவி குறித்துக் கொடுத்த சுபநேரம் ஞாயிறு காலை எட்டரை. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இந்த மாதத்தில் இதைவிட நல்ல நேரம் கிடையவே கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்று பிடித்த நேரம் அது. அந்நேரத்தில் மெல்பனில் ஒரு பந்தாட்டம் சரிபாதியில் நிற்கும் என்று பஞ்சாங்கத்தில் எவரும் எழுதிவைக்கவில்லை. அவளுடைய புருஷன் சோதிலிங்கத்துக்கு அது தெரியும். தெரிந்தும் மனிதர் வாயே திறக்கவில்லை. வருகிற சம்பந்தியும் சேர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டுமே என்ற நல்லெண்ணம்தான்.

பலெர்மோவில் சோதிலிங்கத்தைத் தெரிந்தவர்கள், அவருக்கு இப்படி ஒரு பந்தாட்டப் பைத்தியம் உண்டென்றால் நம்பமாட்டார்கள். ஒரு கிழட்டு வக்கீலைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. கிழமையில் ஆறு நாளும் ‘ஆகட்டும் வக்கீலையா’ என்பதை இத்தாலியனில் சொல்வதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். ஞாயிறு காலையில் மட்டும் ஒரேத்தோவில் உள்ள தன் மூன்றாம் மாடி வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஆறு நாள் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்ப்பார். மெல்பனில் இருந்த தம்பி இராஜநாயகம் பழக்கிவிட்ட வியாதி இது. ஆளுக்கொரு டிவிக்கு முன்னால் இருந்துகொண்டு, போனைக் காதில் வைத்தபடி, ‘உனக்கு என்ன தெரியும்’ என்று ஒருவரையொருவர் திட்டித் திட்டியே அண்ணனும் தம்பியும் ஆட்டம் பார்த்தார்கள். தம்பி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அண்ணன் இப்போது தனியாகத் திட்டுகிறார்.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியக்காரரின் பந்தாட்டம் அது. பந்து முட்டை மாதிரி இருக்கும். காலால் அடிக்கலாம், கையால் குத்தலாம். கோலில் வலையும் இல்லை, காவல்காரனும் இல்லை. வரிசையாக நான்கு கம்பங்கள் மட்டும். நடு இரண்டுக்குள் அடித்தால் ஆறு புள்ளி. பக்கத்து இடைவெளியால் போனாலோ நடுக் கம்பத்தில் பட்டாலோ, பாவம் என்று ஒரு புள்ளி. காலால் அடித்த பந்தை அந்தரத்தில் பிடித்துவிட்டவனை எவரும் தொடக்கூடாது. அவன் ஆறுதலாக நின்று கோலுக்கு அடிக்கலாம். அதற்காகவே கம்பத்துக்குக் கிட்ட ஓர் உயரமான ஆளை நிறுத்துவார்கள். சோதிலிங்கத்தின் அணியில் நின்றவனுக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இவர் வாயில் நுழையாதபடியால் அவன் நெட்டையன்.

இனி ஆரணி. சோதிலிங்கத்தின் ஒரே மகள். மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டபத்தைக் கவனிக்கிறவள். அந்த ஹோட்டலுக்குச் சாமான் இறக்க வந்த மூர்கெனிடம் மனதைக் கொடுத்துவிட்டாள். மூர்கென் மொரீசியஸ்காரன், தமிழ் வம்சம். பெயர் முருகன்தான், அந்தத் தீவின் பிரெஞ்சு வாய்களில் உருண்டு உருண்டு இப்படி ஆகிவிட்டது. பேசுவது இத்தாலியன். தமிழ் என்று ஏதாவது வந்தால் அது ஆரணி சொல்லிக்கொடுத்ததுதான். தாயை ஆரணி எப்போதோ வளைத்துப்போட்டாள். தகப்பன்தான் மிச்சம். மூன்று மாதமாக அவரிடமிருந்து வந்த ஒரே பதில் “பாப்பம்”. அவர் மாட்டேன் என்றால் அவரை மீறிப் போக அவளால் முடியாது. மூர்கெனை விட்டுவிடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு நித்திரையே போய்விட்டது.

அதனால் மூர்கெனுக்குப் பாடம் நடந்தது.

“அப்பா என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு. நெட்டையனைப் பற்றிக் கதை வந்தால், தங்கமான விளையாட்டுக்காரன் எண்டு சொல்லு. அவ்வளவும் காணும்.”

“நான் அந்த ஆட்டத்தை ஒரு மாதமாப் பாக்கிறன். எனக்கு ஒரு கருத்து இருக்கு,” என்றான் மூர்கென்.

“கருத்தைக் கலியாணத்துக்குப் பிறகு சொல்லலாம்.”

பாடத்தில் ஒரு பிழை இருந்தது. ஞாயிறு காலைகளில் ஆரணிக்கு ஹோட்டலில் வேலை. அவள் வீட்டுக்கு வரும்போது ஆட்டம் முடிந்து, சூடு ஆறி, அப்பா நெட்டையனைத் தான் பெற்ற பிள்ளையைப்போல் கொஞ்சிக்கொண்டிருப்பார். ஆட்டம் நடக்கும்போது அவர் அவனை என்ன சொல்வார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு ஆரணி லீவு எடுத்திருந்தாள். எட்டரைக்கு வாசல் மணி அடித்தது. மூர்கெனும் அவன் தாய் போலெத்தும் உள்ளே வந்தார்கள். அவன் தலை வாசல் விளக்கில் இடித்தது. போலெத் கையில் ஒரு பெட்டி கன்னோலி, குழல் மாதிரிச் சுருட்டிய சிசிலிப் பலகாரம். இந்திராதேவி இரண்டு நாளாகச் செய்த வடை, அரியதரம், லட்டு, வாழைப்பழம் எல்லாம் நடு மேசையில் அழகாகப் பரப்பியிருந்தன. சோதிலிங்கம் எழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கண் டிவிக்குப் போய்விட்டது.

“இருங்கோ, இருங்கோ. பின்பாதி துவங்கப்போகுது.”

இந்திராதேவி பார்த்த பார்வைக்கு வேறு ஆளாக இருந்தால் எரிந்து சாம்பலாகியிருப்பார். மூர்கென் செற்றியில் மடங்கி உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பாடம் பண்ணியதை ஒப்புவித்தான்.

“அங்கிள், நெட்டையன் தங்கமான விளையாட்டுக்காரன்.”

“ஆர், உவனோ? காலமை துவங்கி ஒரு பந்து பிடிச்சவனோ? எங்கடை வீட்டு அலுமாரியும் உயரந்தான் தம்பி. அதைக் கொண்டுபோய் அங்கை நிப்பாட்டினால், பந்து பட்டாவது திரும்பி வரும்.”

குசினி வாசலில் நின்ற ஆரணி மூர்கெனைப் பார்த்தாள். ‘ஓம் சொல்லு, ஓம் சொல்லு’ என்று தலையை ஆட்டினாள்.

“ஓம் அங்கிள். உதவாதவன்,” என்றான் மூர்கென்.

சோதிலிங்கம் முழுதாகத் திரும்பினார். “உதவாதவனோ? போன கிழமை அஞ்சு கோல் அடிச்சவன் உதவாதவனோ?”

“இல்லை அங்கிள். தங்கமானவன்.”

“அப்ப இண்டைக்கு ஏன் இப்பிடி மரம் மாதிரி நிக்கிறான்?”

“ஓம் அங்கிள்.”

நெட்டையனைத் திட்டும் உரிமை உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு, புகழும் உரிமையும் அவருக்கே என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டு, ஓம் என்றும் இல்லை என்றும் மாறி மாறிச் சொல்லி வியர்த்துப்போனான். சோதிலிங்கத்தின் முகம் மெல்ல மெல்ல வாடியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து குசினிக்கு வந்தார்.

“பொடியன் நல்ல பொடியன்தான் இந்திரா,” என்றார் தணிந்த குரலில். “ஆனால் ஒரு சொந்தக் கதை இல்லையே. எல்லாத்துக்கும் ஓம் எண்டிறவனை நம்பி என்னெண்டு பிள்ளையைக் குடுக்கிறது? எனக்கு விருப்பமில்லை. தேத்தண்ணியைக் குடுத்து அனுப்புவம்.”

ஆரணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்று மாதம் கெஞ்சிப் பெற்ற ஒரு காலை, தானே சொல்லிக்கொடுத்த ஒரு ஓமினால் கெட்டுப்போகிறது. தாய் தேத்தண்ணித் தட்டைக் கையில் திணித்தாள். பெண் தேத்தண்ணி கொண்டுபோகும்போது குனிந்த தலை நிமிரக்கூடாது என்பது வழக்கம். அவளும் தலையைக் குனிந்தபடி போய், மூர்கெனின் காதுக்குக் கிட்ட வந்ததும் இத்தாலியனில் முணுமுணுத்தாள்.

“உன்ரை கருத்தைச் சொல்லு.”

“கலியாணத்துக்குப் பிறகு எண்டாய்.”

“இப்ப சொல்லாட்டில் கலியாணமே இல்லை.”

மூர்கென் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, “அங்கிள், பிழை நெட்டையனிலை இல்லை,” என்றான், பாதித் தமிழும் பாதி இத்தாலியனுமாக. “பிழை, பந்து குடுக்கிறவையிலை.”

டிவியின் சத்தத்தைச் சோதிலிங்கம் குறைத்தார். அந்த வீட்டில் அது இதுவரை நடக்காத காரியம்.

“என்ன சொன்னனீர்?”

“நான் பகேரியாவிலை கிடங்கிலை வேலை செய்யிறன். நான் உயரம். அதனாலை எல்லாரும் எதையும் என்னை நோக்கி எறிவினம், மூர்கென் பிடிப்பான் எண்டு. பாக்காமல் எறிவினம். நெட்டையனுக்கும் அதுதான் நடக்குது. மூண்டு பேர் சுத்தி நிக்க, தலைக்கு மேலை சும்மா தூக்கிப் போடுகினம்.”

“பிடிக்கத்தானே தம்பி அவனை வச்சிருக்கு? முன்னுக்கு ஓடிவந்து பிடிக்கோணும். உவன் ஒரேத்தோவிலை பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிக்கிறான்?”

“எங்கை ஓடுறது? இடமில்லை. பாருங்கோ.”

சொல்லிக்கொண்டே மூர்கென் கன்னோலிப் பெட்டியைத் திறந்தான். நான்கு கன்னோலியை எடுத்து மேசை ஓரத்தில் வரிசையாக நட்டான். ஒரு வாழைப்பழத்தை நிமிர்த்திப் பிடித்தான். அதுதான் நெட்டையன் என்று ஒருவரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அதைச் சுற்றி மூன்று வடையை நெருக்கி வைத்தான்.

“வடை அங்கை நிக்காது,” என்று சோதிலிங்கம் ஒரு வடையைப் பிடுங்கி மேசையின் மற்றப் பக்கத்தில் வைத்தார். “அவன் போன ஆட்டத்திலை அங்கை நிண்டவன். இண்டைக்கு இஞ்சை.”

“இல்லை அங்கிள், கிட்டத்தான் நிக்கிறான்.”

வடை போனது, வந்தது. லட்டு ஒன்று பந்தாகிக் கன்னோலிகளுக்கு மேலாகப் பறந்து இந்திராதேவியின் மடியில் விழுந்தது. போலெத் தன் பங்குக்கு, இந்த ஆட்டத்தில் ஒழுங்காக வேலை செய்கிறவர் கம்பத்தடியில் கொடி பிடித்து நிற்கிற மனிதர் ஒருவர்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். கோல் விழுந்தால் இரண்டு கொடி, ஒரு புள்ளிக்கு ஒரு கொடி, ஒருநாளும் பிழைவிடவில்லை என்பது அவள் வாதம். கீழ்வீட்டு நாகபூசணி பல்கனிக்கு வந்து, “பலெர்மோ கோல் அடிச்சிட்டுதோ?” என்று விசாரித்தாள். அவளுக்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

“தம்பி, இருபது வருசமா இந்த ஆட்டம் பாக்கிறன்.”

“இருபது வருசமாப் பந்தை மட்டும் பாத்திருக்கிறியள்,” என்றான் மூர்கென். அவனுக்குச் சூடேறிவிட்டது. “நெட்டையனை ஒருநாளும் பாக்கேல்லை. உங்களுக்கு ஒண்டும் தெரியாது அங்கிள்.”

இந்திராதேவியின் கையில் லட்டு நசுங்கியது. போலெத் மகனின் கையைப் பிடித்து, மன்னிக்கவேண்டும், இவனை நான் இப்படி வளர்க்கவில்லை என்று இத்தாலியனில் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள். பெண் கேட்டு வந்த வீட்டில், பெண்ணின் தகப்பனைப் பார்த்து எந்த மாப்பிள்ளையும் சொல்லாத சொல் அது. இனி ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

“எனக்கோ?” என்றது அப்பாவின் குரல். “எனக்கோ தெரியாது?”

அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் கண்ணைத் திறந்தாள். அதில் ஒரு துள்ளல் இருந்தது. ஆட்டம் முடிந்தும் விடாமல் சித்தப்பாவோடு போனில் சண்டை பிடிக்கும்போது மட்டும் அப்பாவுக்கு வருகிற துள்ளல் அது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் அதைக் கேட்டவர் இல்லை. இப்போது அவர் கண் கலங்கியிருந்தது, மீசைக்குக் கீழே சிரிப்பும் இருந்தது. கதிரையை இழுத்து, முழங்காலோடு முழங்கால் முட்ட மூர்கெனுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

“உமக்கு என்ன தெரியும்? நேற்றுப் பாக்கத் துவங்கின ஆள் நீர். அந்த வடையை இஞ்சாலை வையும்.”

ஆரணி குசினிக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் வந்தது. அப்பாவுக்காகத்தான் அழுகை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறார் என்று அவள் இதுவரை யோசித்ததேயில்லை.

வடைகள் இடம் மாறி மாறிப் பின்பாதியும் முடியப்போனது. டிவியில் கூட்டம் இரைந்தது. எல்லாரும் திரும்பினார்கள். சோதிலிங்கத்தின் அணி ஒரே ஒரு புள்ளி பின்னால். கடைசி விநாடி. எவனோ கண்ணை மூடிக்கொண்டு உயரத் தூக்கி அடித்தான். நெட்டையன் மூன்று பேருக்கு மேலாக எழும்பினான், பந்தைக் கட்டிப் பிடித்தபடி விழுந்தான். சங்கு ஊதியது. ஆட்டம் முடிந்தாலும், பிடித்த பந்தை அடிக்க அவனுக்கு உரிமை உண்டு. நடுவால் போனால் வெற்றி.

மூர்கெனின் கையைச் சோதிலிங்கம் பிடித்துக்கொண்டார். நெட்டையன் ஓடிவந்தான், அடித்தான். பந்து போய்க் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கொடிக்காரர் கொஞ்சமும் அவசரப்படாமல் ஒரு கொடியை மட்டும் அசைத்தார்.

ஒரு புள்ளி. சமன். வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.

“பாத்தீரோ? நேரை நிண்டு அடிக்கத் தெரியாது உவனுக்கு,” என்று சோதிலிங்கம் கத்தினார்.

“பாத்தியளோ? அவன் இல்லாட்டில் தோத்திருப்பம்,” என்று மூர்கென் அதைவிட உரத்துக் கத்தினான்.

இருவரும் மேசைமேல் பாய்ந்தார்கள். கன்னோலி ஒன்று முறிந்தது. போலெத்துக்கு இது எங்கே போய் முடியுமோ என்ற பயம். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, சோதிலிங்கத்துக்கு முன்னால் போய் நின்று, மரியாதையாக இத்தாலியனில் கேட்டாள்: நாங்கள் வந்த விஷயத்துக்கு நீங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே, பெண்ணைத் தருவீர்களா, மாட்டீர்களா?

சோதிலிங்கம் வாழைப்பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரும் இத்தாலியனிலேயே பதில் சொன்னார்.

“பிள்ளையை அப்பவே தந்தாச்சு சிஞ்ஞோரா. முதல் உங்கடை மகனை இதுக்கு ஒரு பதில் சொல்லச் சொல்லுங்கோ.”

மூர்கெனுக்கு அது காதில் விழவே இல்லை. அவன் மும்முரமாக ஒரு வடையை நகர்த்திக்கொண்டிருந்தான். ஆரணிதான் வந்து தோளில் தட்டிச் சொல்லவேண்டியிருந்தது.