கேபினில் கேட்ட மூச்சு

கிரேன் ஆபரேட்டர் ஏணியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறான் என்று டாக்டரிடம் போட்டுக்கொடுத்தது வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த மச்சினன்தான்.

அன்று வருடாந்திரப் பரிசோதனை. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த வளாகத்தின் மூலையில், சிமென்ட் மூட்டைகளுக்கு அடுத்த தகர அறையில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார். இரண்டும் அவர் முகத்துக்குப் பிடிக்கவில்லை.

"ஏறும்போது சிரமம் ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க."

வாசலில் காத்திருந்த மச்சினன் தலையை உள்ளே நீட்டினான். "பொய் டாக்டர். மூணு இடத்துல நிக்கிறாரு. கீழ இருந்து நான்தானே தினம் பாக்கிறேன்."

"உன்னைக் கேட்டாங்களாடா?"

"கேக்கலை. அதான் நானா சொல்றேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஆறு வாரம் தர்றேன். காய்கறி, பழம் நிறைய. தினம் நடக்கணும். அப்புறம் நானே வந்து ஏணிக்குக் கீழ நிப்பேன். நடுவுல நிக்காம ஏறினா வேலை. இல்லைன்னா கீழ வேற வேலை பாத்துக்குங்க."

கீழே வேறு வேலை. அதுதான் அவனைச் சுட்டது. மனைவி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவனுக்கு உட்கார முடிந்த ஒரே இடம் கிரேன் உச்சியில் இருந்த அந்தக் கண்ணாடி அறைதான். பீரோவை விடக் கொஞ்சம் பெரியது. கீழே எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். மேலே யாரும் கேட்கவில்லை. தூக்கு, இறக்கு, நிறுத்து. அது போதுமாக இருந்தது.

"அடுத்து போட்டுக்கொடுத்தவர் வரலாம்" என்றார் டாக்டரம்மா.

மச்சினன் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினான். அவன் எங்கே போனாலும் அவன் வயிறு ஓரடி முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடும். முள்ளைக் குனிந்து பார்க்க முயன்றான். வயிறு மறைத்தது.

"எவ்வளவு டாக்டர்?"

"தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்க? அவருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும்தான்."

இரண்டு நாள் ஆபரேட்டர் மச்சினனோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலிருக்கவும் முடியாத தொழில் அது. மச்சினன் சிக்னல்காரன். கட்டடத்துக்குப் பின்னால் சுமை இறங்கும்போது ஆபரேட்டருக்கு ஒன்றும் தெரியாது. வாக்கி-டாக்கியில் வரும் குரல்தான் கண். கொஞ்சம் இடது என்றால் இடது. நிறுத்து என்றால் அங்கேயே நிறுத்தம். அந்தக் குரல் கேட்காவிட்டால் விரல்கூட அசைக்கக் கூடாது என்பது சட்டம். குரலும் லேசுப்பட்டதல்ல. வளாகமே அவனை ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிட்டது.

மூன்றாம் நாள் மதிய மணி அடித்தது. ஆபரேட்டர் எப்போதும்போல் கீழே இறங்காமல் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தான். பசித்து அல்ல. மணி அடித்ததால்.

"மச்சான், கயிறை விடுங்க."

"எதுக்கு?"

"விடுங்கன்னா விடுங்க. வெடிகுண்டா கட்டி அனுப்பப்போறேன்?"

தண்ணீர் பாட்டில் இழுப்பதற்காக வைத்திருந்த கயிறு. இறக்கினான். இழுத்தபோது ஒரு துணிப்பை வந்தது. கேரட், வெள்ளரி, இரண்டு கொய்யா.

"இப்போ ஒரு ஒப்பந்தம். நீங்க அதைச் சாப்பிடுங்க. நான் கட்டடத்து மேல வரைக்கும் படி ஏறுறேன். லிஃப்ட் கிடையாது."

"நீயா?"

"நான்தான். என் வயிறும் கூட வருது. நீங்க சாப்பிடலைன்னா நான் ஏறமாட்டேன். நான் செத்தா பாவம் உங்க தலைல."

"ரேடியோல சொந்தக் கதை பேசாதே."

"மத்தியானம் யாரு வேலை பாக்கிறா? கடிங்க மச்சான். பொத்தானை அழுத்திக்கிட்டே கடிங்க. உங்களை நம்ப முடியாது, காக்காவுக்குப் போட்டுட்டு சாப்பிட்டேன்னு சொல்லுவீங்க."

சண்டை போடத் தெம்பில்லாமல் ஆபரேட்டர் பொத்தானை அழுத்திக் கேரட்டைக் கடித்தான். அந்தச் சத்தம் வளாகத்தில் இருந்த எல்லா வாக்கி-டாக்கியிலும் கேட்டது.

"யாருப்பா அது, ரேடியோவுக்குள்ள குதிரை கட்டியிருக்கிறது?" என்றான் கம்பி கட்டுகிறவன் ஒருவன்.

"குதிரை இல்லை, எங்க மச்சான்" என்றது ஸ்பீக்கர். பெருமையாக.

பிறகு அவன் படி ஏறப் போனான். அங்கேதான் அந்தத் தவறு நடந்தது. ஏறும்போது இரண்டு கையும் வேண்டும் என்று வாக்கி-டாக்கியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டான். மேலே தொங்கிய வயிறு போய்ப் பேசும் பொத்தானில் உட்கார்ந்துகொண்டது. ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மற்றவர் பேச முடியாது. பன்னிரண்டு மாடிக்கும் அவன் மூச்சு மட்டுமே வளாகம் முழுவதும் ஒலித்தது. அவனுக்குத் தெரியாது.

மேலே கேபினில் ஆபரேட்டர் முதலில் ஏதோ மோட்டார் என்று நினைத்தான். பிறகு ஈர மரத்தில் ரம்பம் இழுப்பதுபோல் இருந்தது. பிறகு அதில் ஓர் இருமல் வந்தது. அது யாருடைய இருமல் என்று அவனுக்குத் தெரியும்.

கையிலிருந்த கேரட்டைக் கீழே வைத்தான்.

ஒரு மனிதன் மூச்சு விடுவதை இவ்வளவு பக்கத்தில் அவன் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் அவளுடைய மூச்சையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை டீ குடிக்க வெளியே போனான். திரும்பி வந்தபோது அறை அமைதியாக இருந்தது.

இந்த மூச்சு நிற்கவில்லை. திணறியது, விசிலடித்தது, படிக்குப் படி முனகியது. நடுவே பேசவும் செய்தது.

"அக்கா... உன் புருஷன்... கேரட் தின்னுட்டான்கா. தின்னுட்டாரு. இன்னும் நாலு மாடி இருக்கு... நீ போய் நல்லா உக்காந்துக்கிட்ட... நான்ல ஏறுறேன்."

ஆபரேட்டர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். கீழே பார்த்தான். ஆங்காங்கே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அசையவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிப்பதற்கு முன் அவன் இறங்கினான். மதியத்தில் அவன் இறங்கி யாரும் பார்த்ததில்லை. நேராக மேஸ்திரியிடம் போனான். மேஸ்திரி கோபமாக இருந்தார்.

"வயித்தை வச்சு லைனை அடைக்கிறான் உன் மச்சினன். வரட்டும், நாலு வார்த்தை கேக்கிறேன்."

"சொல்லாதீங்கண்ணே."

"என்னது?"

"சொன்னா பெல்ட்டுல இருந்து எடுத்துடுவான். மத்தியானம்தானே. விட்டுடுங்க."

ஒரு வருடமாக எவரிடமும் எதுவும் கேட்காதவன். மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். "சரி. அவசரம்னா எதிர்க் கடை போன்ல பேசிக்கலாம். போ."

அதன்பின் தினமும் அப்படித்தான். மதியம் பை மேலே போகும். கேரட் சத்தம் கீழே வரும். பிறகு மூச்சு ஏறும். மாலையில் இருவரும் பேருந்தை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். வழியில் காய்க்கடையில் மச்சினன் முட்டைக்கோஸைத் தட்டிப் பார்ப்பான்.

"அது தர்பூசணி இல்லைடா, தட்டிப் பாக்க."

"பாத்தா என்ன தேயவா போகுது?"

வாங்கியதை ஆபரேட்டர் வீட்டு அடுப்பில் வேகவைத்தார்கள். அந்த அடுப்பு ஒரு வருடமாக வெந்நீரைத் தவிர வேறெதையும் பார்த்திருக்கவில்லை. சமையல் இருவருக்கும் வராது. பீன்ஸ் ஒரு நாள் கூழானது, ஒரு நாள் குச்சியாகவே இருந்தது. தின்றார்கள்.

கம்பி கட்டுகிறவர்கள் மதியத்தில் வெள்ளரி நறுக்கத் தொடங்கினார்கள். குதிரை என்று சொன்னவனே ஒரு நாள் ரேடியோவில் ஆப்பிளைக் கடித்துக் காட்டினான்.

இதற்கிடையில் மேலே ஒருவன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் வேறு. அந்த மூச்சு மாறிக்கொண்டிருந்தது. விசில் நின்றது. ரம்பம் ஈர மரத்திலிருந்து காய்ந்த மரத்துக்கு வந்தது. அக்காவோடு பேச்சு நீண்டுகொண்டே போனது, பேசவும் காற்று மிஞ்சியதால். ஒரு உடம்பு தன்னைத் தானே திருப்பிக் கட்டிக்கொள்வதை ஆபரேட்டர் காதால் கேட்டான். எத்தனையோ கட்டடம் எழும்புவதை மேலிருந்து பார்த்தவன் அவன். இப்படி ஒன்று எழும்புவதைக் கேட்டதில்லை. பொத்தான் அழுந்தியிருக்கும் அந்த நேரம் முழுவதும் அவன் கோயிலுக்குள் நிற்பவன்போல் அசையாமல் இருந்தான்.

அவன் ஏணியில் நிற்கும் இடங்களும் குறைந்தன. மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. அந்த ஒன்று மட்டும் போகவில்லை.

டாக்டரம்மா வரும் நாள் வந்தது. ரத்தத்தைக் காலையிலேயே எடுத்திருந்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. மதியம் அவன் இறங்கி வந்து, அவர் பார்க்க ஏணி ஏற வேண்டும். மணி அடித்தது. ஆபரேட்டர் கிரேனின் நீண்ட கையைக் காற்றின் போக்குக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா வளாகத்துக்குள் வருவது தெரிந்தது. மச்சினன் மூச்சு முடியட்டும், இறங்கலாம் என்று இருந்தான்.

மூச்சு பாதிக் கட்டடம் ஏறியது. அப்போது சொத்தென்று ஒரு சத்தம். கனமாக எதுவோ விழுந்த சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

"டேய்."

பொத்தான் விடுபட்டு லைன் திறந்திருந்தது. பதில் இல்லை.

"டேய், பேசுடா. விளையாடாதே."

இந்த அமைதியை அவனுக்குத் தெரியும். எழுந்தது தெரியாமல் எழுந்தான். கதவைத் திறந்ததும் ஏணியில் கால் வைத்ததும் தெரியவில்லை. கம்பிகள் கைக்குள் வந்து வந்து போயின. டாக்டரம்மா ஏதோ கேட்டார். அவரைத் தாண்டி ஓடினான். படிக்கட்டில் ஏறினான். ஒவ்வொரு திருப்பத்திலும் கிடக்கும் உடம்பைக் கண் எதிர்பார்த்தது. ஆறாவது மாடியோ ஏழாவதோ, திருப்பத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் வாக்கி-டாக்கி மட்டும் புதைந்து கிடந்தது. ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு மேலே ஓடினான்.

உச்சித் தளத்தில், கம்பிகள் முளைத்து நின்ற ஓரத்தில், மச்சினன் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் இருந்த கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான்? எங்கயாவது தீ பிடிச்சிருச்சா?"

ஆபரேட்டர் வாக்கி-டாக்கியை நீட்டினான். மச்சினன் இடுப்பைத் தடவிப் பார்த்தான்.

"எப்போ விழுந்துச்சு? பெல்ட்டு நிக்கவே மாட்டேங்குது மச்சான். கடைசி ஓட்டையும் தாண்டிருச்சு."

"உன் சத்தம் நின்னுடுச்சு."

"என்ன சத்தம்?"

"நீ ஏறுற சத்தம். தினம் கேக்கும். உன் வயிறு பொத்தானை அழுத்திட்டு இருந்துச்சு."

மச்சினன் கொய்யாவைக் கடிப்பதை நிறுத்தினான். "தினமுமா? அக்காகிட்ட பேசுனது?"

"எல்லாமே."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

மச்சினன் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். வேறு பக்கம் திரும்பி நின்றான். திரும்பாமலே கேட்டான். "மேல இருந்து இறங்கி, இங்க ஏறி வந்தீங்களா? எத்தனை இடத்துல நின்னீங்க?"

ஆபரேட்டர் யோசித்தான். ஏணி. முற்றம். பன்னிரண்டு மாடி. எங்கும் நின்றதாக நினைவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். இதயம் பலமாக, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. அவன் கேட்காமல், அவனுக்குத் தெரியாமல், இந்த ஒரு வருடம் முழுவதும் அது அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இன்று அவனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதை யாரோ பெரிய மனிதர் வீட்டுக்கு வந்ததுபோல் அவன் பயந்து மரியாதையோடு தொட்டுக்கொண்டு நின்றான்.

சரக்கு லிஃப்ட் கடகடவென்று வந்து நின்றது. மேஸ்திரியும் டாக்டரம்மாவும் இறங்கினார்கள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவன் நெஞ்சில் வைத்தார். வெகுநேரம் கேட்டார்.

"ஏணி ஏறிக் காட்ட வேண்டாம். பாத்தாச்சு" என்றார். பிறகு மச்சினனைப் பார்த்து, "அந்தக் கால்சட்டைக்கு முதல்ல ஒரு கயிறு கட்டுங்க" என்றார்.

எதிரே, கிட்டத்தட்டக் கண்ணுக்கு நேராக, கிரேனின் கேபின் காலியாக நின்றது. கதவு திறந்து கிடந்தது. ஆபரேட்டர் அதை வெளியிலிருந்து இந்த உயரத்தில் பார்த்ததே இல்லை. அவ்வளவு சின்னது. அதற்கு மேலே நீண்ட இரும்புக் கை, உள்ளே எவரும் இல்லாமலே, காற்றைக் கேட்டு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஊரும், ஊருக்குப் பின்னால் வானமும் இருந்தன. இவ்வளவு நாளும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

நால்வரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆபரேட்டர் கையை நீட்டி மச்சினனிடமிருந்த பாதிக் கொய்யாவைப் பிடுங்கினான். இரண்டே கடியில் முடித்தான்.

"இன்னொண்ணு இருக்கா?" என்றான்.