இரண்டாவது ஊசி

…ஏழாவதாக நிற்பது அவர்தான், வேறு யாராக இருக்க முடியும், பேருந்து ஓட்டப் போகும் சீருடையோடு, தோளில் பாப்பா, பாப்பாவுக்கு ஊசியை நானே போட்டுவிடுகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாள், கேட்டாரா… குளிர்பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். தடுப்பூசி அறையில் பதினோரு வருடம், எந்தப் பிள்ளை கதறினாலும் கை பிசகியதில்லை, தன் பிள்ளை என்றதும் கைக்கு என்ன வந்தது? ஆறாம் மாத ஊசிக்கு மறுநாள் காய்ச்சலில் வலிப்பு, பாப்பாவின் கண் மேலே செருகி, உதடு நீலமாகி, இரண்டே நிமிடம்… காய்ச்சல் வலிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர், அதையே அவளும் நூறு தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறாள், சொல்வது சுலபம். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு அவளே மருந்தை ஏற்றினாள், ஏற்றியதைக் குத்தாமல் குப்பையில் போட்டாள், அட்டையில் மட்டும் தேதி எழுதினாள். யாருக்குத் தெரியும்? பக்கத்துத் தெருவில் தட்டம்மை வந்த வாரம் முழுக்க, தடிப்பு முதலில் தெரியும் இடமென்று, பாப்பாவின் காதுக்குப் பின்னால் தடவித் தடவிப் பார்த்தாள், அவர் சிரித்தார், ஊசி போட்ட பிள்ளைக்கு என்ன பயம் உனக்கு என்று.

இப்போது எதிரே உட்கார்ந்துவிட்டார். "தட்டம்மைக்கு ரெண்டாவது ஊசி. முதல் ஊசிக்கு உடம்புகூடச் சுடல, எங்க பாப்பா கெட்டிக்காரி," என்று வரிசையில் அடுத்து நின்றவளிடம் பெருமை வேறு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா… பாப்பா அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது, அம்மா தூக்குவாள் என்று. அந்தக் கையையே பிடித்துக் குத்தினாள். அலறல்.

"ஏங்க… இதுதான் முதல் ஊசி."

"என்னது?"

"அன்னைக்குப் போடல. போட்டதா எழுதினேன்."

கத்துவார் என்று நினைத்தாள், அவரோ அழும் பிள்ளையை அவளுக்கு எட்டாத தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டிய பெஞ்சில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம்.

அடுத்தவள் வந்து உட்கார்ந்தாள், தலைப்பிள்ளை போல, அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர்." எறும்பு கடித்த மாதிரிதான் என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்த நாக்கு இன்று எழவில்லை… எனக்கும்தான் என்று ஒரு குரல் கேட்டது, அது அவள் வாயிலிருந்துதான் வந்ததா, பிறகு ஏன் அந்தப் பெண் சட்டென்று பிடியைத் தளர்த்தி, பிள்ளையின் கையை அவளிடம் நீட்டினாள்?