வசந்திக்கு அடுத்த கட்டம்

வடக்கு மாட வீதி எறும்புகளுக்கு அன்று ஏழு தலைமுறைக்குச் சாப்பாடு. கோலப்போட்டி! போலீஸ் தடுப்பு வைத்து, தெருவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒருவர் உட்கார்ந்து மாவைக் கொட்டியிருந்தார்கள்.

மதிப்பெண் கணக்கு காமாக்ஷியின் பொறுப்பு. லேப்டாப்போடு பந்தலோரம் இருந்தவளின் முகத்தில் பௌர்ணமி. ஏனென்றால் முதல் பரிசு அவள் நாத்தனார் மதுவந்திக்கு. கொலுவில் யார் பொம்மை மேல்படியில் என்ற உலகப் போரில் இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. ஒரே வீட்டில் உப்பு ஜாடிகூட மாமியார் வழியாகத்தான் கைமாறும். முடிவுச் சீட்டைப் போட்டி நடத்தும் ராஜகோபாலன் மாமாவிடம் கொடுத்த கையோடு, காமாக்ஷி நாத்தனார் காதில் சேதியை ஊதிவிட்டாள்.

"நிஜமாவா மன்னி? சொல்லுங்கோ மன்னி!"

அந்த 'மன்னி'யைக் கேட்டு எத்தனை யுகம் ஆயிற்று! மதுவந்தி உடனே அம்மாவுக்கு போன் போட்டாள். இந்நேரம் அது அமெரிக்கா வரை போயிருக்கும்.

மேடையில் மாமா நன்றியுரையில் இருந்தார். போலீசுக்கு நன்றி, மைக்செட்டுக்கு நன்றி, குறுக்கே வராத மாடுகளுக்கு நன்றி.

"இன்னா மாமா, நீ முடிக்கசொல்லோ கடலே வத்திடும் போலகீது! பேரைச் சொல்லு!" என்றாள் நொச்சிக்குப்பத்து வசந்தி. அவள் மீன் விற்கக் கூவினால் அடையாறில் கேட்கும்.

அப்போது ராஜரத்தினம் வந்து நின்றார். ஸ்கேல் வைத்து மயில் போட்டவர். அது குக்கர் மாதிரி வந்திருந்தது.

"மேடம், நூத்துக்கு நமக்கு எவ்ளோ?"

"இருபத்தஞ்சு சார்."

"போன வருஷத்துக்கு இது தேவலை!"

நூற்றுக்கு. காமாக்ஷி திரையை மறுபடி பார்த்தாள். ராஜரத்தினத்துக்கு அடுத்த வரிசை வசந்தி: அறுபத்தெட்டு. அதற்கடுத்து மதுவந்தி: நூற்று எண்பத்து நான்கு.

நூற்றுக்கு நூற்று எண்பத்து நான்கா!

அந்தக் கட்டத்தைத் தட்டினாள். மேலே இரண்டாவது வரிசையில் பெருக்க வேண்டிய எண்கள் இருந்தன: சுத்தத்துக்கு ஐந்து, அழகுக்கு மூன்று, வேகத்துக்கு இரண்டு. முதல் ஆளான ராஜரத்தினத்துக்கு ஃபார்முலா சரி. மற்றவர்களுக்காக அதைப் பிடித்துக் கீழே இழுத்து நகலெடுத்தபோது, அதுவும் படிப்படியாக இறங்கி, எங்கே போனாலும் தனக்கு நேர் மேலே இருப்பதையே பெருக்கிக்கொண்டது. வசந்தியின் மதிப்பெண்ணை ராஜரத்தினத்தின் குக்கர் மயில் பெருக்கியது. மதுவந்தியின் மதிப்பெண்ணைப் பெருக்கியதோ வசந்தி வாங்கிய பத்து, ஒன்பது, பத்து. வசந்திக்கு அடுத்த கட்டத்தில் ஒரு எருமை உட்கார்ந்திருந்தாலும் அதற்குத்தான் முதல் பரிசு.

ஃபார்முலாவில் வரிசை எண் இரண்டு வந்த இடமெல்லாம் அதற்கு முன்னால் டாலர் குறியை அடித்தாள். அது ஆணி மாதிரி. நகல் எங்கே இறங்கினாலும் பார்வை அந்த வரிசையை விட்டு நகராது. மறுபடி இழுத்தாள். வசந்தி தொண்ணூற்றேழு. மதுவந்தி அறுபத்தைந்து, நாலாவது இடம். பரிசு மூன்றே மூன்று.

லேப்டாப்பை மூடிவிட்டால்? யாருக்குத் தெரியும்? இன்னும் சற்று நேரத்தில் தடுப்பை எடுப்பார்கள், தண்ணீர் லாரி ஒன்று போனால் வசந்தியின் கோலம் தெருவோடு தெரு. பந்தலுக்கு அந்தப் பக்கம் மதுவந்தி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, இவளைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது பல் தெரிகிற சிரிப்பு.

"இப்போது பரிசுகள்..." என்று மாமா சீட்டைப் பிரித்தார்.

காமாக்ஷி பாய்ந்த பாய்ச்சலில் நாற்காலிகள் உருண்டன.

"மாமா, நிறுத்துங்கோ! கணக்கு தப்பு. தப்பு என்னோடது."

மைக் ஆனில் இருந்தது. தெப்பக்குளத்து மீன்கூடக் கேட்டிருக்கும்.

"இப்போ வந்து சொல்றியே! நான் நன்றி சொல்லி முடிச்சாச்சே!"

"இன்னொரு தரம் சொல்லிண்டிருங்கோ. புதுச் சீட்டு எழுதித் தரேன்."

கூட்டம் முணுமுணுத்தது. மாமா மாடுகளுக்கு மறுபடி நன்றி சொன்னார். காமாக்ஷி நிமிராமல் எழுதினாள். நிமிர்ந்தால் மதுவந்தியைப் பார்க்க வேண்டுமே!

"முதல் பரிசு, வசந்தி!"

"அப்டிப் போடு!" வசந்தி பரிசுக் கிரைண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டாள், சுவாமி பல்லக்கைத் தூக்குவதுபோல.

மதுவந்தி பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் தோசை வார்க்கலாம்.

"நான் எத்தனாவது?"

"நாலாவது."

திரும்பி நடந்தாள். காமாக்ஷி பின்னாலேயே ஓடினாள். தேரடி தாண்டியது, பூக்கடை தாண்டியது. வீட்டு வாசலில் மதுவந்தி செருப்பைக் கழற்றி உதறினாள். உள்ளே மாமியார் யாரிடமோ போனில், "ஃபர்ஸ்ட் பிரைஸ்னா ஃபர்ஸ்ட் பிரைஸ்!" என்று கூவிக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிக்கோங்கோ," என்று சீறினாள் மதுவந்தி. கதவில் கை வைத்தவள் அரைக்கணம் நின்றாள். "மன்னி."

காமாக்ஷி காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.